புட்டிக்குள் ஒரு மலைச்செடி

நாம் உடல் உழைப்பால் வாழ்பவர்கள். மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவருக்கு முதுகு வலிக்கும். தாராவியில் தையல் மிஷினில் உட்காருபவருக்குக் கழுத்து வலிக்கும். செம்பூரில் வீட்டு வேலைக்காக நாலு மாடி ஏறி இறங்கும் அக்காவுக்கு முழங்கால் வலிக்கும். ராத்திரி படுக்கும்போது கை தானாக வலி தைலத்தைத் தேடும்.

தைலத்தைத் தேய்க்கிறோம். குப்பென்று வாசனை எழும்புகிறது. தேய்த்த இடம் சூடாகிறது. கொஞ்ச நேரம் வலி குறைகிறது.

அந்த வாசனை எங்கிருந்து வருகிறது? என்றைக்காவது யோசித்திருக்கிறோமா?

வலி தைலத்தில் பல பொருள்கள் கலந்திருக்கும். கற்பூரம் இருக்கும். புதினா உப்பு இருக்கும். நீலகிரித் தைலமும் இருக்கலாம். இவை நமக்குத் தெரிந்த வாசனைகள். இன்னொரு வாசனையும் உண்டு. அது கொஞ்சம் இனிப்பாக இருக்கும். கொஞ்சம் காரமாகவும் இருக்கும். விளையாட்டு வீரர்கள் காலில் தடவும் களிம்பில் அது தூக்கலாக அடிக்கும். அதற்கு வின்டர்கிரீன் எண்ணெய் என்று பெயர்.

அந்த எண்ணெய் ஒரு மலைச்செடியின் இலையில் இருக்கிறது. அந்தச் செடி நம் நீலகிரி மலையிலேயே வளர்கிறது. அதைப் பற்றித்தான் இப்போது தெரிந்துகொள்ளப் போகிறோம்.

வலி தைலத்துக்கும் மும்பைக்கும் பழைய தொடர்பு உண்டு. அமிர்தாஞ்சனம் எல்லோருக்கும் தெரியும். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் என்பவர் 1893-ல் அதைத் தொடங்கினார். எங்கே தெரியுமா? இதே மும்பையில்தான். பிறகு 1914-ல் அது சென்னைக்குப் போனது.

பெயர் ஒன்று, பிறந்த ஊர் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "நீலகிரித் தைலம்" என்கிறோமே, அது எந்த மரத்தின் தைலம்? யூகலிப்டஸ் மரத்தின் தைலம். ஊரில் அதைத் தைல மரம் என்பார்கள். மும்பையில் இந்தியிலும் மராத்தியிலும் அந்த மரத்துக்கே "நீல்கிரி" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனால் அது நீலகிரியில் பிறந்த மரம் இல்லை. அதன் சொந்த நாடு ஆஸ்திரேலியா. வெள்ளைக்காரர்கள் 1843-ஆம் ஆண்டு வாக்கில் அதை நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள். அடுப்பு எரிக்க விறகு வேண்டும் என்று நட்டார்கள். மரம் மளமளவென்று வளர்ந்தது. மலையின் பெயரையே வாங்கிக்கொண்டது.

வின்டர்கிரீன் செடியோ நீலகிரியின் சொந்தச் செடி. அதற்கு வழங்கும் பெயரோ ஆங்கிலப் பெயர்! வெளியூர்க்காரனுக்கு உள்ளூர்ப் பெயர். உள்ளூர்க்காரனுக்கு வெளியூர்ப் பெயர். வேடிக்கைதான்.

அறிவியல் புத்தகங்களில் இந்தச் செடியின் பெயர் கோல்தேரியா. நம் நாட்டுச் செடிக்கு 1820-ல் நதானியேல் வாலிச் என்ற தாவர அறிஞர் அறிவியல் பெயர் சூட்டினார். அவர் கல்கத்தா தாவரத் தோட்டத்தில் பணி செய்தவர். "மிகுந்த வாசனை உள்ளது" என்று பொருள்படும் சொல்லை அந்தப் பெயரோடு சேர்த்தார்.

செடி எப்படி இருக்கும்?

கோல்தேரியா ஒரு புதர்ச்செடி. ஏறக்குறைய ஆள் உயரம் வளரும். இலை தடிப்பாக இருக்கும். தோல் போல விறைப்பாக இருக்கும். ஓரத்தில் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும். இலையைக் கசக்கி முகர்ந்தால் போதும், வலி தைலத்தின் வாசனை அப்படியே வரும்.

பூ மிகச் சிறியது. வெள்ளை நிறம். கொத்தாகத் தொங்கும். அதன் வடிவம் என்ன தெரியுமா? சின்னக் குடம் போல இருக்கும். தாராவி கும்பார்வாடாவில் குயவர்கள் மண் குடம் செய்து வரிசையாக அடுக்கி வைப்பார்கள். அந்தக் குடம் ஒன்றை அரிசி அளவுக்குச் சுருக்கித் தலைகீழாகத் தொங்க விட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் கோல்தேரியா பூ. காய் பழுத்தால் கருநீலமாக மாறும். பறவைகள் அதைத் தின்று விதையைப் பரப்பும்.

உறவுக்காரர்கள்

நமக்குச் சொந்தபந்தம் இருப்பது போலச் செடிகளுக்கும் குடும்பம் உண்டு. கோல்தேரியா சேர்ந்த குடும்பத்துக்கு எரிக்கேசி குடும்பம் என்று பெயர். இந்தக் குடும்பத்தில் பல செடிகள் ஆண்டு முழுவதும் பச்சையாகவே இருக்கும்.

நீலகிரியில் இதன் உறவுக்காரர் ஒருவர் உண்டு. பெயர் ரோடோடெண்ட்ரான். தமிழில் காட்டுப்பூவரசு என்பார்கள். அது சிறு மரம். பூக்கும் காலத்தில் சிவப்புச் சிவப்பாய்க் கொத்துக் கொத்தாகப் பூக்கும். பச்சைப் புல்வெளிக்கு நடுவே அது நிற்பதைப் பார்த்தால் மரம் தீப்பற்றி எரிவது போலத் தோன்றும். இதன் இமயமலை உறவுதான் நேபாள நாட்டின் தேசிய மலர். உத்தராகண்ட் மாநிலத்தின் மாநில மரமும் அதுதான். அங்கே அந்தப் பூவில் சர்பத் செய்து குடிக்கிறார்கள்.

இன்னொரு உறவுக்காரரை நீங்கள் மும்பையிலேயே பார்த்திருக்கலாம். பெரிய பழக்கடைகளில் சின்ன டப்பாவில் நீல நிறப் பழம் விற்கிறார்கள். புளூபெர்ரி என்பார்கள். விலையும் அதிகம். அதன் சொந்த ஊர் வட அமெரிக்கா. அந்தப் பழச்செடியும் எரிக்கேசி குடும்பம்தான். அதற்கு நெருங்கிய காட்டுச்செடிகள் நீலகிரியிலும் உண்டு.

ஸ்காட்லாந்து நாட்டில் மலைச்சரிவு முழுவதும் ஊதாப் பூப் புதர்கள் படர்ந்திருக்கும். அவையும் இந்தக் குடும்பம். தென்னாப்பிரிக்காவின் தென்முனையில் மட்டும் இந்தக் குடும்பத்தின் 600-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. இலங்கையில் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஹோர்ட்டன் சமவெளி என்ற உயரமான புல்வெளி இருக்கிறது. அங்கேயும் ரோடோடெண்ட்ரான் பூக்கிறது.

புளிப்பு மண்தான் வீடு

இந்தச் செடிகள் இத்தனை நாடுகளில் இருக்கின்றன. ஆனாலும் இவற்றில் பெரும்பாலானவை கேட்கும் மண் ஒரே மாதிரி. அது புளிப்பு மண்.

மண் புளிக்குமா? ஆம். எலுமிச்சைச் சாறு புளிக்கிறது. சோப்புத் தண்ணீர் வழுவழுவென்று காரமாக இருக்கிறது. மண்ணிலும் அப்படி இரண்டு தன்மைகள் உண்டு. ஒன்று அமிலத்தன்மை. அதைத்தான் புளிப்பு மண் என்கிறோம். மற்றொன்று காரத்தன்மை.

மலை உச்சியில் மழை அதிகம். மழைநீர் மண்ணில் உள்ள சுண்ணாம்புச் சத்தை அடித்துக்கொண்டு போய்விடும். குளிரில் இலைதழை சீக்கிரம் மக்காது. கறுப்பாகப் படிந்து கிடக்கும். இந்த இரண்டு காரணத்தால் மண் புளித்துவிடும். செடிக்கு வேண்டிய சத்தும் குறைந்துவிடும்.

செம்பூர்க்காரர்களுக்கு உரத் தொழிற்சாலையைத் தெரியும். வயலுக்கு உரம் எதற்கு? பயிருக்குத் தழைச்சத்து வேண்டும், மணிச்சத்து வேண்டும். மலையில் யார் உரம் போடுவார்கள்? யாரும் இல்லை. அப்படியானால் கோல்தேரியா எப்படி வாழ்கிறது?

அதற்கு ஒரு கூட்டாளி உண்டு. அது கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை. செடியின் வேர் தலைமுடியை விட மெல்லியது. அந்த வேருக்குள் பூஞ்சை குடியிருக்கிறது. மக்காத இலைதழையிலிருந்து சத்தைப் பிரித்துச் செடிக்குக் கொடுக்கிறது. செடி தன் இலையில் செய்த சர்க்கரையைப் பூஞ்சைக்குக் கொடுக்கிறது. கொடுக்கல் வாங்கல்! இந்தக் கூட்டு இருப்பதால்தான் மற்ற செடிகள் வாழத் தயங்கும் மண்ணிலும் இது வாழ்கிறது.

ஏன் எப்போதும் பச்சை?

இலை செய்யச் சத்து வேண்டும். ஏழை மண்ணில் சத்து கிடைப்பது கஷ்டம். கஷ்டப்பட்டுச் செய்த இலையைச் சீக்கிரம் உதிர்த்தால் கட்டுப்படி ஆகுமா? ஆகாது. அதனால் செடி தடிப்பான, உறுதியான இலையைச் செய்கிறது. அதை நீண்ட காலம் வைத்துக்கொள்கிறது. பழைய இலை ஒன்றிரண்டாக உதிரும்போது புதிய இலை தயாராக இருக்கும். செடி என்றைக்கும் மொட்டையாக நிற்காது.

நாம் ஒரு நல்ல செருப்பு வாங்கினால் பல வருடம் தைத்துத் தைத்துப் போடுகிறோம் அல்லவா? அதே கணக்குதான்.

மும்பையில் இது வளராதா?

மும்பையில் மழைக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் குளிர் இல்லை. கடல் காற்றில் உப்பும் உண்டு. கோல்தேரியா நீலகிரியிலும் பழனி மலையிலும் உயரமான இடங்களில் வாழ்வது. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பக்கத்தில் உள்ள தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் அங்கே விடிகாலையில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும்.

மும்பை மண்ணுக்கும் தண்ணீருக்கும் ஏற்ற செடிகள் வேறு. தாராவிக்குப் பக்கத்தில் மாகிம் கழியில் பாருங்கள். உப்புச் சேற்றில் சதுப்புநில மரங்கள் நிற்கின்றன. சேற்றில் காற்று கிடையாது. அதனால் அவற்றில் சில மரங்களின் வேர்கள் மூச்சு விடுவதற்காக மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த மரத்தை ஊட்டியில் நட்டால் பிழைக்காது. ஊட்டிச் செடியை மாகிமில் நட்டாலும் பிழைக்காது.

நாம் திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் மும்பைக்கு வந்தோம். இந்த ஊர்த் தண்ணீரும் சாப்பாடும் பழகிவிட்டன. பாஷையும் பழகிவிட்டது. கோல்தேரியாவால் அப்படி ஊர் மாற முடியாது. வீடு போனால் அதற்குப் போக்கிடம் இல்லை.

வீடு சுருங்கிய கதை

நீலகிரியின் உச்சியில் முன்பு பரந்த புல்வெளி இருந்தது. பள்ளங்களில் சோலைக்காடு இருந்தது. சோலையின் ஓரத்தில் கோல்தேரியா வளரும். புல்வெளியில் காட்டுப்பூவரசு தனியாக நிற்கும்.

வெள்ளைக்காரர் காலத்தில் மலைச்சரிவுகளில் தேயிலை வந்தது. பிறகு புல்வெளியில் யூகலிப்டஸ் வந்தது. சீகை மரமும் வந்தது. இதை வாட்டில் மரம் என்றும் சொல்வார்கள். இதுவும் ஆஸ்திரேலிய மரம்தான்.

வாட்டில் மரத்தை ஏன் நட்டார்கள்? விறகு ஒரு காரணம். தோல் மற்றொரு காரணம். தாராவியில் தோல் ஷாப்பில் வேலை செய்த பெரியவர்களைக் கேளுங்கள். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க மரப்பட்டைச் சாற்றில் ஊறப் போடுவார்கள். நம் ஊரில் அதற்கு ஆவாரம் பட்டை பயன்பட்டது. வாட்டில் பட்டையிலும் அந்தச் சத்து நிறைய உண்டு. தோல் தொழிலுக்குப் பட்டை வேண்டும் என்பதற்காகச் சுதந்திரத்துக்குப் பின்னும் மலையில் வாட்டில் நட்டார்கள். அன்று அது நல்ல திட்டம் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் வாட்டில் நட்ட இடத்தோடு நிற்கவில்லை. விதை மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடந்தது. வெட்டினாலும் முளைத்தது. எரித்தால் இன்னும் அதிகமாக முளைத்தது. புல்வெளியை மூடிக்கொண்டே போனது. நீலகிரியின் பழைய புல்வெளியில் பெரும்பகுதி இப்படி மறைந்துவிட்டது.

புல்வெளி போனால் நமக்கு என்ன? இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மலை உச்சிப் புல்வெளியும் சோலையும் பஞ்சு போல. மழை பெய்யும்போது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடும். பவானி ஆறும் மோயாறும் இந்த மலைத் தண்ணீரால் ஓடுகின்றன. அவை காவிரியில் சேருகின்றன. ஈரோட்டில் நெல் விளைவதற்கும் இந்தப் புல்வெளிக்கும் தொடர்பு உண்டு.

நல்ல செய்தியும் இருக்கிறது. 1986-ல் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் ஏற்பட்டது. முக்குறுத்தி தேசியப் பூங்காவில் பழைய புல்வெளியும் வரையாடும் பாதுகாக்கப்படுகின்றன. தமிழ்நாடு அரசு 2022-ல் அந்நியச் செடிகளை அகற்றுவதற்கு ஒரு கொள்கை வெளியிட்டது. சில இடங்களில் வாட்டிலை அகற்றி மறுபடியும் புல் நடுகிறார்கள். வேலை மெதுவாகத்தான் நடக்கும். நட்டது ஒரு நாள், பிடுங்குவது பல வருடம்.

இன்னொரு கவலையும் உண்டு. உலகம் சூடாகி வருகிறது. கீழே சூடு ஏறினால் குளிர் விரும்பும் செடி மேலே போகப் பார்க்கும். மலை உச்சியில் இருக்கும் செடி அதற்கு மேல் எங்கே போகும்?

இலையிலிருந்து எண்ணெய்

இப்போது புட்டிக்குத் திரும்புவோம். எண்ணெய் எப்படி எடுக்கிறார்கள்?

பறித்த இலையை முதலில் தண்ணீரில் ஊற வைக்கிறார்கள். ஊறும்போதுதான் இலையில் அடங்கிக் கிடக்கும் பொருள் பிரிந்து எண்ணெயாகிறது. பிறகு பெரிய பாத்திரத்தில் போட்டு ஆவி ஏற்றுகிறார்கள். ஆவியோடு எண்ணெயும் கிளம்பும். குழாய் வழியாகப் போய்க் குளிரும்போது தண்ணீரும் எண்ணெயும் சொட்டும். யூகலிப்டஸ் எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். வின்டர்கிரீன் எண்ணெய் தண்ணீரில் மூழ்கிவிடும். அது தண்ணீரை விடக் கனமானது.

இந்த எண்ணெயில் ஏறத்தாழ முழுவதும் ஒரே பொருள்தான். அதற்கு மெத்தில் சாலிசிலேட் என்று பெயர். தலைவலிக்குப் போடும் ஆஸ்பிரின் மாத்திரையும் இதே வகையைச் சேர்ந்தது.

நேபாளத்திலும் நம் நாட்டின் மலைகளிலும் இலையிலிருந்து எண்ணெய் எடுப்பது உண்டு. ஆனால் இன்று கடையில் விற்கும் வலி தைலங்களில் பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்த மெத்தில் சாலிசிலேட்தான் இருக்கிறது. இரண்டுக்கும் வாசனை ஒன்றே. வேலையும் ஒன்றே. ஆபத்தும் ஒன்றே.

மருந்தும் அதுவே, நஞ்சும் அதுவே

ஆபத்தா? ஆம். இதைக் கவனமாகப் படியுங்கள்.

தோலின் மேல் அளவாகத் தேய்த்தால் இது மருந்து. வயிற்றுக்குள் போனால் நஞ்சு. கலப்பில்லாத வின்டர்கிரீன் எண்ணெய் ஒரு டீஸ்பூன் என்பது 5 மில்லி. அதில் இருக்கும் மருந்து 20-க்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். சின்னக் குழந்தை ஒரு டீஸ்பூன் குடித்தாலே உயிர் போகலாம். மிட்டாய் போல வாசனை வருவதால் குழந்தை எளிதில் ஏமாறும்.

நம் வீடு ஒரே அறை. தைலப் பாட்டில் எங்கே இருக்கிறது? சாமி படத்துக்குக் கீழேயா? தலையணைக்குப் பக்கத்திலா? தவழும் பிள்ளைக்கு எட்டும் இடமா? இன்றைக்கே எடுத்து உயரத்தில் வையுங்கள். மூடியை இறுக்கி மூடுங்கள்.

தைலம் தேய்க்கும்போது கவனிக்க வேண்டியவை:

காயம் பட்ட இடத்தில் தேய்க்கக் கூடாது. கண்ணிலும் வாயிலும் படக்கூடாது.

தேய்த்த இடத்தில் இறுக்கிக் கட்டுப் போடக் கூடாது. வெந்நீர் ஒத்தடமும் கொடுக்கக் கூடாது. தோல் வெந்துபோகும். மருந்தும் உடம்பில் அதிகமாக ஏறும்.

பெரியவர்களுக்கான தைலத்தைக் கைக்குழந்தைக்குத் தேய்க்கக் கூடாது.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் டாக்டரைக் கேட்ட பிறகே தேய்க்க வேண்டும்.

தேய்த்த பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

குழந்தை தைலத்தைக் குடித்துவிட்டால் என்ன செய்வது? உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தாராவி, மாட்டுங்கா பகுதிக்குச் சயான் ஆஸ்பத்திரி பக்கம். ஆம்புலன்சுக்கு 108 என்ற எண்ணைக் கூப்பிடலாம். தைலப் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். என்ன மருந்து என்று டாக்டருக்கு உடனே தெரியும். குழந்தை நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. வாந்தி, வேகமான மூச்சு, மயக்கம் எல்லாம் பிறகு வரலாம்.

இன்னொன்று. தைலம் வலியைக் கொஞ்ச நேரம் மறக்கச் செய்யும். வலியின் காரணத்தை நீக்காது. ஒரு வாரம் தேய்த்தும் வலி போகவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள்.

எழுத்தைப் படியுங்கள்

அண்ணாச்சி கடையில் தைலம் கேட்டால் எடுத்துக் கொடுப்பார். நாமும் வாசனை பார்த்து வாங்கிவிடுகிறோம். இனி அப்படி வேண்டாம். நமக்குத்தான் இப்போது எழுத்துத் தெரியுமே! பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். "வெளிப்பூச்சுக்கு மட்டும்" என்று போட்டிருக்கிறதா? கடைசித் தேதி என்ன? மெத்தில் சாலிசிலேட் இருக்கிறதா? எவ்வளவு இருக்கிறது? ஆங்கிலத்தில் இருந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். பொருளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நீலகிரி என்ற பெயர் வைத்த மரம் நீலகிரியில் பிறந்தது இல்லை. மிட்டாய் வாசனை வரும் எண்ணெய் மிட்டாய் இல்லை. பெயரும் வாசனையும் பாதிதான் சொல்லும். மீதியை நாம்தான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் உள்ள தைலப் பாட்டிலில் என்னென்ன பொருள்கள் எழுதியிருக்கின்றன? எழுதி வாருங்கள்.

2. புளிப்பு மண்ணில் கோல்தேரியா எப்படி வாழ்கிறது?

3. வாட்டில் மரத்தால் யாருக்கு நன்மை கிடைத்தது? யாருக்கு இழப்பு ஏற்பட்டது?

4. உங்கள் சொந்த ஊரில் முன்பு இருந்து இப்போது காணாமல் போன செடி எது? அது ஏன் போயிற்று?